விட்டாச்சு

தண்டவாளத்துக்குக் காய்ச்சல் பார்க்க ஒரு கருவி உண்டு. உள்ளங்கை அளவு, பின்புறம் காந்தம் பதித்த வட்ட வில்லை. அதைத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால், இரும்புக்கு எத்தனை டிகிரி சூடு என்று சொல்லிவிடும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ரோந்துக்கு ஆள் போக வேண்டும். அறுபதைத் தாண்டினால் வண்டிகள் வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லாம் எழுத்தில் உள்ள விதிகள். இரும்பின் நலத்துக்கு இத்தனை விதி வகுத்தவர்கள், அந்த இரும்பைக் காக்க நடப்பவளுக்கு எத்தனை டிகிரி ஏறினால் அவளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று ஒற்றை வரிகூட எழுதவில்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்வதும் தவறு. மறப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது நினைத்திருக்க வேண்டும் அல்லவா?

அன்று பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அந்த வில்லை அறுபத்திரண்டு காட்டியது.

"சாவிக்காரி, கிளம்பலாமா?" என்றார் மேஸ்திரி. கிளம்பலாமா என்று அவர் கேட்டால் கிளம்பு என்று பொருள்.

இருப்புப்பாதையில் சாவி என்பது பூட்டைத் திறப்பதன்று. தண்டவாளத்தை அதன் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிக்கு அங்கே அந்தப் பெயர். அதைத் தட்டி இறுக்குபவர் சாவிக்காரர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த வேலைக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தபோது, சாவிக்காரர் சாவிக்காரியானார். பெயரில் ஓரெழுத்தை மாற்றத் தெரிந்தவர்களுக்குக் காலணியில் ஓரளவை மாற்றத் தெரியவில்லை. ஆண் காலுக்குச் செய்த காலணியின் முனையில் பழந்துணியைத் திணித்துக்கொண்டுதான் அவள் இன்றும் நடந்தாள்.

"ரெண்டு பேரா போகணும்னுதானே மேஸ்திரி சட்டம்? சுத்தியல் எங்க?"

சுத்தியல் என்பது அவளோடு ரோந்து வருபவரின் பட்டப்பெயர். நான்கு பிள்ளைகளின் தகப்பன்.

"அவன் நேத்தே சுருண்டுட்டான். ஒரே வாந்தி. வீட்டுல மல்லாந்து கிடக்கான்."

"அப்ப வேற ஆளு?"

"ஆளுக்கு நான் எங்க போவேன்? களிமண்ணப் பிசைஞ்சா செய்ய முடியும்? வெயில் தாழட்டும்னு மட்டும் சொல்லாத. உனக்காகத் தண்டவாளம் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து வளையாது."

"அது காத்திருக்காது. இந்தக் கொட்டகையில காத்திருக்கறது நீங்களும் மின்விசிறியும்தான். அதுவாவது சுத்துது."

கொட்டகையில் சாப்பாட்டுத் தூக்குகளைத் திறந்து வைத்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது.

"வாய் இருக்கு உனக்கு."

"வாய் இருக்கு மேஸ்திரி. தண்ணிதான் இல்ல."

அவர் தம் புட்டியை எடுத்து அவள் பைக்குள் செருகினார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். "இன்னிக்குக் காலைலயே ரெண்டு வண்டிய விட்டுட்டாங்க. மத்தியானம் இன்னும் எத எத விடுவாங்களோ" என்று சொல்லிக்கொண்டே தம் நாற்காலிக்குத் திரும்பினார். வெயில் தாளாமல் ரத்தாகும் வண்டிகளைப் பற்றிப் பாதையில் வேலை பார்ப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்பதுபோல, வண்டியை விட்டுவிட்டார்கள்.

பையில் செங்கொடி ஒன்று, பச்சைக்கொடி ஒன்று, வெடிவில்லை மூன்று. வெடிவில்லையைத் தண்டவாளத்தின் தலையில் கட்டிவைத்தால், அதன்மேல் சக்கரம் ஏறும்போது படாரென வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டுநர் கேள்வி கேட்காமல் வண்டியை நிறுத்த வேண்டும். தோளில் திருகுகோல். தலையில் தொப்பி.

ஒரு கிலோமீட்டர் நடந்ததும் கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர். வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவர். பேசும்போதும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அவள் தொப்பியின் பின்புறம் பிடரியை மறைக்க ஒரு துணி தொங்கவிட்டுத் தைத்தவர் அவர்தான்.

"தண்ணி எத்தனை புட்டி?"

"ரெண்டு."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தாங்க. ஒண்ணு மேஸ்திரி குடுத்தாரு."

"அவரு குடுத்தாரா? அப்ப இன்னிக்கு மழைதான்."

"மழை வந்தா துணியெல்லாம் எடுத்து வைங்க" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

இருபுறமும் கரட்டுக் குன்றுகள். நடுவில் ஒற்றைப் பாதை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். மேற்கே பெரிய நிலையத்திலிருந்து ஒன்று வரும், அல்லது கிழக்கே சின்ன நிலையத்திலிருந்து ஒன்று வரும். கம்பியில்லாக் கருவியின் பேச்சு அந்தக் குன்றுகளுக்குள் எட்டாது. எட்டாது என்று எழுதி அனுப்பியும் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மரம் இல்லை. பறவை இல்லை. சல்லிக்கற்கள் வறுசட்டிப் பயறுபோல் காய்ந்துகிடந்தன. ஒவ்வொரு சாவியையும் பார்த்து, தட்டி, தள்ளி நடந்தாள். முதல் புட்டி தீர்ந்தது.

ஒன்று நாற்பதுக்கு அதைக் கண்டாள்.

நாற்பத்தொன்றாம் கல்லைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்த இரண்டு தண்டவாளங்களும் ஒருசேர இடப்பக்கம் புடைத்து, வலப்பக்கம் ஒடுங்கி, மறுபடியும் இடப்பக்கம் புடைத்திருந்தன. சூட்டில் நீண்ட இரும்புக்கு நீள இடமில்லை, ஆகவே நெளிந்துவிட்டது. கட்டைகள் சல்லியை உழுது இடம்பெயர்ந்திருந்தன. நடந்து போகிறவனுக்கு அது ஒரு வளைசல். ஓடி வரும் வண்டிக்கு அது ஒரு புதைகுழி.

கைப்பேசியை எடுத்துப் பெரிய நிலையத்தை அழைத்தாள். நல்லவேளை, நிலைய அதிகாரியே எடுத்தார்.

"சார், சாவிக்காரி பேசறேன். நாப்பத்தொண்ணாம் கல்லு தாண்டி தண்டவாளம் வளைஞ்சுகிடக்கு சார்! வண்டிய நிறுத்துங்க. எந்தப் பக்கம் வண்டி சார் இப்ப?"

"ஐயையோ! இங்க இருந்து வர்ற வண்டிய விட்டாச்சும்மா! நீ உடனே..."

பேச்சு அறுந்தது. சூடு மிகுந்துவிட்டதாகவும் ஆறும்வரை வேலை செய்ய முடியாது என்றும் எழுத்துக் காட்டிவிட்டு, கைப்பேசி கறுத்து அணைந்தது. ஒரு கையளவு கருவிக்கு ஓய்வு கேட்கும் உரிமை இருந்தது. கேட்டது, எடுத்துக்கொண்டது.

இங்கிருந்து வரும் வண்டியை விட்டாச்சு. மேற்கு வண்டி ரத்து. அப்படியானால் பாதை கிழக்கு வண்டிக்குத்தான். அதன் நேரம் ஒன்றே முக்கால். கிழக்குப் பக்கம் அறுநூறு மீட்டர் போய் வெடி கட்ட வேண்டும், விதி அதுதான். அவள் கிழக்கே திரும்பி ஓடத் தொடங்கினாள்.

சல்லியில் ஓட முடியாது. கட்டைகளின்மேல்தான் ஓட வேண்டும். கட்டைகளை மனிதக் காலடிக்கென்று அடுக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் அடி குறுகும். ஒன்று விட்டு ஒன்றுக்குத் தாவினால் கால் எட்டாது. பெரிய காலணி ஒவ்வோர் அடிக்கும் முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை வழுக்கியது. எதிர்க்காற்று உலைவாயைத் திறந்துவிட்டாற்போல் முகத்தில் அறைந்தது. அவள் ஓட்டக்காரியல்ல, முப்பத்தொன்பது வயது, முழங்காலில் பழைய வலி. ஓடிக்கொண்டே கட்டைகளை எண்ணிக் கணக்கிட்டு, அறுநூறு மீட்டர் ஆனதும் மண்டியிட்டாள். மூன்று வெடிகளையும் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் கட்டினாள். கட்டும்போது இரும்பு விரல்நுனியைச் சுட்டது. சுட்ட விரலை வாயில் வைத்தாள், வாயில் ஈரமில்லை.

பிறகு எழுந்து, செங்கொடியை விரித்து, கிழக்கே பார்த்து நின்றாள்.

மூச்சு கொஞ்சம் இறங்கியபோதுதான் காதில் மறுபடியும் அந்தக் குரல் ஒலித்தது. ஐயையோ.

ஐயையோ என்று ஏன் சொன்னார்?

ரத்தான வண்டிக்கு ஒருவர் எதற்கு ஐயையோ போட வேண்டும்? அப்பாடா என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

விட்டாச்சு. பாதையில் வேலை செய்கிறவள் அந்தச் சொல்லைக் கைவிட்டதாகக் கேட்டாள். அதிகாரியோ பாதையில் நிற்பவர் அல்லர், நிலையத்தில் இருப்பவர். கையில் பச்சைக்கொடி பிடிப்பவர். அவர் வண்டியை விட்டாச்சு என்றால், அம்பை விட்டாச்சு என்பது போல. கிளப்பி அனுப்பியாயிற்று. திருப்பி அழைக்க முடியாது. மேற்கே இருந்து வண்டி புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது. அவளோ கிழக்கே பார்த்துக் கொடி பிடித்துக்கொண்டிருக்கிறாள். கையில் இருந்த மூன்று வெடியையும் வராத வண்டிக்குக் கட்டிவிட்டாள்!

"அடிப்பாவி" என்றாள், தன்னைத்தானே.

பெரிய நிலையம் பதினான்கு கிலோமீட்டர். வெயிலுக்காக வேகம் குறைத்து வந்தாலும் பதினேழு நிமிடத்தில் வளைசலுக்கு வந்துவிடும். ஏழெட்டு நிமிடம் கரைந்தாயிற்று. வளைசலுக்குத் திரும்ப அறுநூறு மீட்டர்; அதற்கு அப்பால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வெடிகளை அவிழ்க்க நேரமில்லை. திருகுகோலைக் கழற்றி எறிந்தாள். பையை எறிந்தாள். இரண்டாம் புட்டியில் இருந்த பாதித் தண்ணீரைக் குடிப்பதா, தலையில் ஊற்றுவதா என்று ஒரு நொடி தடுமாறி, குடித்தாள். புரையேறி அதில் பாதி வெளியே போனது. கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

முதல் இருநூறு மீட்டர் ஓட்டம். அடுத்த இருநூறு, ஓட்டம் என்று அவள் நினைத்துக்கொண்டது. விலாவில் ஊசி இறங்கியது. வலக்கால் காலணி எங்கோ கழன்று போயிற்று. போன இடம் அவளுக்குத் தெரியாது. உள்ளங்கால் பழுக்கக் காய்ந்த சல்லியில் படும்போதெல்லாம் கால் தானாக மேலே எழுந்தது. அதுவும் ஓர் உதவியாயிற்று.

அந்த வண்டியில் அவள் பெற்ற பிள்ளை இல்லை. கட்டிய கணவன் இல்லை. கூடப்பிறந்தவர் இல்லை, கொண்டவர் கொடுத்தவர் எவரும் இல்லை. ஆறு பேர் அமரும் இருக்கையில் எட்டு பேராக நெருங்கி உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று சண்டையிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே இந்த வெந்த நிலத்தைப் பார்த்து, யார் இங்கெல்லாம் இருப்பார்கள் என்று வியந்துகொண்டு வரும் யாரோ ஐந்நூறு பேர். அவள் முகத்தை அவர்கள் கண்டதில்லை. அவர்கள் முகத்தை அவள் கண்டதில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவளுக்குச் சொந்தமில்லாத ஐந்நூறு பேருக்காக அவளுடைய தசையெல்லாம் ஆடிற்று.

வளைசலை அடைந்தபோது பாதை இரண்டாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தாள், மூன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு போனாள். உடம்பெல்லாம் திடீரென்று குளிர்ந்தது, புல்லரித்தது. குளிர்கிறதே, வெயில் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று மகிழ்ந்தாள். வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. துணி எடுத்து வைக்கணும், மழை வருது என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே தடுக்கி விழுந்தாள்.

விழுந்த இடத்தில் கன்னம் தண்டவாளத்தில் பட்டது. சூடு சுருக்கென்று ஏறி அவளை எழுப்பியது. அப்போதுதான் உணர்ந்தாள்: தையல் இயந்திரம் அன்று. தண்டவாளம் பேசுகிறது. வண்டி.

வளைசலிலிருந்து இருநூற்றைம்பது மீட்டர்கூட வந்திருக்க மாட்டாள். எதிரே குன்றை ஒட்டிய திருப்பம்; அதற்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாது; வருகிறவனுக்கும் அவளைத் தெரியாது. எழுந்தாள். விழுந்தாள். எழ முடியாதென்று கண்டு, முழங்காலில் நகர்ந்தாள். பத்துக் கட்டை. பதினைந்து கட்டை. அதற்குமேல் முழங்காலும் மறுத்தது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் மண்டியிட்டு, கொடிக்கம்பை இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். கை நடுங்கியதில் கொடி தானாக ஆடிற்று.

திருப்பத்தில் இஞ்சின் மூக்கு நீட்டியது.

ஊதல் அலறியது. நிறுத்துவதற்கு முன் ஓட்டுநர்கள் எல்லாரும் செய்வது அது; வழியை விடு என்பார்கள். "விட மாட்டேன்" என்றாள் அவள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஊதல் மறுபடியும் அலறியது. பிறகு அதைவிடப் பெரிய அலறல் ஒன்று சக்கரங்களிலிருந்து எழுந்தது. இரும்பை இரும்பு கவ்வும் அலறல். அது காதில் விழுந்த பிறகுதான் அவள் கொடியோடு சாய்ந்து, தண்டவாளத்துக்கு வெளியே உருண்டாள்.

தலைக்கு ஒரு முழம் தள்ளி இஞ்சின் போனது. தீப்பொறி பறந்தது. ஒரு பெட்டி. இரண்டு. போகிறதே, நிற்கவில்லையே! மூன்று. நான்கு. கொஞ்சம் மெதுவாகிறதா? ஐந்து. ஆறு. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் படுத்துக் கிடந்த இடத்திலிருந்து வண்டியின் தலை தெரியவில்லை. வாலும் கடந்து போயிற்று. சத்தம் தேய்ந்து, இழுத்து, முனகி, நின்றது. பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால்? நின்றதா? கவிழ்ந்ததா? கவிழ்ந்திருந்தால் சத்தம் வந்திருக்குமே. வந்து, தனக்குத்தான் கேட்கவில்லையோ? தலையைத் தூக்கப் பார்த்தாள். தலை அவளுடையதாக இல்லை.

சல்லி நொறுங்கும் ஓசை. கடைசிப் பெட்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார் வண்டியின் கார்டு. வெள்ளைச் சட்டை, ஒடிசலான உடம்பு.

"யாரும்மா நீங்க? என்னம்மா ஆச்சு?"

"நின்னுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

"வளைசலுக்கு... முன்னாடியா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவர் இடுப்பில் இருந்த கருவி கரகரத்தது. முன்னாலிருந்து ஓட்டுநர் பேசினார்.

"கார்டு சார், கீழ இறங்கி அடி வச்சுப் பாத்துட்டேன். பன்னெண்டு அடி சார். பன்னெண்டே அடிக்கு முன்னால தண்டவாளம் பாம்பு மாதிரி கிடக்கு. யார் சார் அது, நடுவுல உக்காந்து கொடி காட்டுனது?"

கார்டு கீழே பார்த்தார். ஒரு காலில் காலணி இல்லை; கன்னத்தில் கொப்புளம்; கை இன்னும் கொடிக்கம்பை விடவில்லை.

"ஒரு அக்கா சார்" என்றார்.

இறங்கி வந்த பயணிகள் நான்கு பேராக அவளைத் தூக்கிக் கடைசிப் பெட்டியில், மின்விசிறிக்கு நேர்கீழே கிடத்தினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள், பணிக்குப் போய்க்கொண்டிருந்தவள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"உடம்பு அடுப்பா கொதிக்குது. பாருங்க, ஒரு பொட்டு வேர்வை இல்ல. இந்த வெயில்ல ஓடி வந்தவளுக்கு வேர்வை நின்னுபோச்சுன்னா அது நல்லதில்ல. எல்லாரும் தண்ணி எடுங்க. துணிய நனைங்க. கழுத்து, அக்குள், தொடை, எல்லா இடத்துலயும் போடுங்க. விசிறுங்க, விசிறுங்க!"

"இன்னும் எவ்வளவு நேரம்மா நிக்கும்?" என்றார் கைப்பெட்டியோடு வந்திருந்த ஒருவர். "எனக்கு நாலு மணிக்கு ஒரு ஆளைப் பாக்கணும்."

"பாப்பீங்கய்யா. நாலு மணிக்கு நீங்க உசுரோட இருந்து அந்த ஆளைப் பாக்கத்தான் இவ இப்படிக் கிடக்கறா. அந்தப் புட்டிய இப்படிக் குடுங்க."

அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தம் பையிலிருந்த செய்தித்தாளை மடித்து, குனிந்து, அவரே விசிறத் தொடங்கினார்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். ஈரத்துணிகள் காயக் காய மாறின. அவள் ஏதேதோ உளறினாள்: துணி, மழை, வெடி. நர்ஸ் அவள் தலையைத் தூக்கி, பேச்சுக் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்து, மூடி மூடியாகத் தண்ணீர் புகட்டினாள். முகத்தை உலர்ந்த கைக்குட்டையால் ஒற்றித் துடைத்துவிட்டு, கண்கொட்டாமல் அவள் மேலுதட்டைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் புகட்டினாள். மறுபடியும் துடைத்தாள். இடத்துக்காகச் சண்டையிட்டவர்கள் இடத்தை விட்டு எழுந்து நின்றார்கள்.

மேலுதட்டின் ஓரத்தில் கடுகளவு ஏதோ மின்னியது.

முதலில் கண்டவர் நாலு மணிக்காரர்தான். "வேர்க்குது!" என்று கத்தினார். "அம்மா, இங்க பாருங்க, வேர்க்குது!"

உடுத்திய துணியெல்லாம் நனைந்து, அந்த வெயிலில் வேர்வையைத் திட்டிக்கொண்டே வந்த கூட்டம் அது. அந்த ஒரு துளியைப் பார்க்க ஒருவர் தோள்மேல் ஒருவர் எக்கினார்கள். நெற்றியில் இன்னொரு துளி அரும்பியது. கழுத்தில் ஒரு கோடு ஓடியது. வேர்க்குதாம், வேர்க்குதாம் என்று செய்தி பெட்டிக்குப் பெட்டி போயிற்று. யாருக்கு என்று ஒருவர் கேட்க, வண்டிய நிறுத்துன அம்மாவுக்கு என்று இன்னொருவர் சொன்னார்.

சாவிக்காரியின் உதடு அசைந்தது. நர்ஸ் காதைக் கொண்டுபோனாள்.

"என்ன சொல்றாங்க?"

"இன்னும் தண்ணி வேணுமாம்."

நாற்புறமிருந்தும் புட்டிகள் நீண்டன.